எந்த பெட்?

கேள்வி: நான் நர்ஸ். தொடர்ந்து நைட் டியூட்டி. இப்போதெல்லாம் வீட்டில் காலிங் பெல் அடித்தாலே "எந்த பெட்?" என்று எழுந்து ஓடுகிறேன். டென்ஷன் குறைய என்ன வழி?
– ஒரு வாசகி, யானைக்கவுனி

பதில்: வந்த கூரியர்காரருக்கு பி.பி. பார்க்காதவரை பயமில்லை, சிஸ்டர்! "யோகா பண்ணுங்க" என்று நான் சொன்னால் பெரிய ஊசியாகத் தேடுவீர்கள் என்று தெரியும். வேலை டென்ஷன் முற்றி வரும் சோர்வை ("பர்ன்அவுட்") உலக சுகாதார நிறுவனமே 2019-இல் நோய் அல்ல, தொழில்சார்ந்த நிலை என்று சொல்லிவிட்டது. ஆக, கோளாறு உங்களிடம் இல்லை, டியூட்டி சார்ட்டில்! மருத்துவக் கல்லூரி மருத்துவமனைப் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் கணக்கு. இதை உங்கள் வார்டில் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். எல்லோரும் வாய்விட்டுச் சிரிப்பார்கள். அதுவும் மருந்துதான்.

மற்றபடி, விடியற்காலை டீயைக் குறைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துச் சவுகார்பேட்டை ஹாரனுக்குக் காதில் பஞ்சு, ஜன்னலுக்குக் கறுப்புத் திரை. பகல் தூக்கம் கொஞ்சம் கூடும். மனசு ரொம்பக் கனத்தால் 14416, டெலிமானஸ் மனநல உதவி எண். 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை. அங்கேயும் நைட் டியூட்டியில் ஒருவர் விழித்திருப்பார். முதலில் அவரை "சாப்பிட்டீங்களா?" என்று விசாரிக்க ஆரம்பித்துவிடாதீர்கள்!