கால்வாய்ப் படகுக்குக் கடல் எதற்கு?

கே: லண்டன் கால்வாயில் 57 அடி நீள நேரோபோட் என்ற ஒல்லிக் கால்வாய்ப் படகு ஒன்றை வாங்கிக் குடும்பத்தோடு குடியிருக்கிறோம். கோடை விடுமுறைக்கு அதிலேயே பிரான்ஸ் போய்வரலாமா? (லண்டன் வாசகர்)

ப: வேண்டாம். 57 அடி நீளம் சரி, அகலம் எவ்வளவு? 6 அடி 10 அங்குலம்தான் இருக்கும். 18ஆம் நூற்றாண்டில் ஜேம்ஸ் பிரிண்ட்லி போன்றவர்கள் இங்கிலாந்தின் நடுப்பகுதியில் கால்வாய் வெட்டியபோது, படகை ஏற்றி இறக்கும் லாக்குகளை ஏறத்தாழ 7 அடி அகலத்தில் கட்டினார்கள். அதற்குள் நுழைவதற்காகவே உங்கள் படகு இப்படி ஒல்லியாக, தட்டையான அடிப்பாகத்தோடு பிறந்தது. அலை என்ற ஒன்றை அதைக் கட்டியவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை.

கே: எங்கள் கட்டுமரமும் ஒல்லிதான். தலைமுறை தலைமுறையாகக் கடலுக்குப் போகவில்லையா? எஃகுப் படகுக்கு என்ன பயம்? (தூத்துக்குடி வாசகர்)

ப: நல்ல கேள்வி. கட்டுமரத்தில் தண்ணீர் தங்க இடமே கிடையாது. அலை மேலே ஏறும், மரங்களின் இடுக்கில் வழிந்து இறங்கிவிடும். நேரோபோட்டோ ஒரு நீண்ட எஃகுத் தொட்டி. உள்ளே வந்த தண்ணீர் உள்ளேயே நிற்கும். படகு ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தத் தண்ணீர் முழுவதும் அதே பக்கத்துக்கு ஓடி, சாய்வை இன்னும் கூட்டும்.

தண்ணீர் எப்படி உள்ளே வரும் என்பதுதான் கவனிக்க வேண்டியது. எஃகு உடையவே வேண்டாம். முன்தளத்தில் மழைநீர் வடிய விட்ட துளைகள், முன்கதவில் காற்றுக்காக வைத்த துவாரங்கள், குளியலறைத் தண்ணீரை வெளியேற்றும் குழாய், இன்ஜின் அறையின் காற்றோட்ட வழி எல்லாமே நீர்மட்டத்துக்குச் சற்று மேலேதான் இருக்கின்றன. அசையாத கால்வாயில் அந்த உயரம் போதும். பின்பக்கம், புரொப்பெல்லரில் சுற்றிய பாசியையும் கந்தலையும் எடுப்பதற்கு ஒரு மூடி உண்டு. அதைச் சரியாக இறுக்காததால் கால்வாயிலேயே படகுகள் மூழ்கியிருக்கின்றன. கடலைப் பற்றிக் கேட்க வேண்டுமா?

ஐரோப்பிய விதிகளில் படகுகளை ஏ முதல் டி வரை பிரிக்கிறார்கள். பெரும்பாலான நேரோபோட்டுகள் கடைசி வகையான டி. அதாவது 0.3 மீட்டர் அலை, எப்போதாவது அரை மீட்டர். முழங்கால் உயர அலை அடித்தாலே அதன் எல்லை முடிந்துவிட்டது.

கே: இன்ஜினை இப்போதுதான் சர்வீஸ் செய்தேன். அது போதாதா?

ப: இன்ஜின் நன்றாக இருக்கலாம். டீசல் டேங்கின் அடியில் ஆண்டுக்கணக்காகப் படிந்த கசடு? கால்வாயில் அது அசையாமல் கிடந்தது. அலையில் படகு குலுங்கும்போது கலங்கி எழுந்து ஃபில்டரை அடைக்கும். இன்ஜின் நின்றுபோகும். கால்வாயில் என்றால் கயிற்றைப் பிடித்துக் கரைக்குத் தாவலாம். கடலில் பாயும் இல்லை, கரையும் இல்லை. படகு அலைக்குப் பக்கவாட்டில் திரும்பி நிற்கும். இந்த ஒல்லிப் படகுக்கு அதைவிட மோசமான நிலை வேறில்லை.

கே: டெரி டார்லிங்டன் என்பவர் நேரோபோட்டிலேயே ஆங்கிலக் கால்வாய் எனப்படும் கடலைக் கடந்து, 2005இல் புத்தகமும் எழுதினாரே?

ப: கடந்தார், உண்மை. மனைவியும் நாயும் உடன் போன சுவையான பயணம் அது. ஆனால் ஒருவர் கரை சேர்ந்தார் என்பது அடுத்தவருக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் ஆகாது. டோவர் நீரிணை மிகக் குறுகிய இடத்திலேயே 33 கிலோமீட்டர். மணிக்கு 8 கிலோமீட்டர் போனாலும் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் காற்று மாறலாம். உலகிலேயே நெரிசல் மிகுந்த கப்பல் பாதைகளில் ஒன்று அது. பெரிய கப்பல் உங்களுக்காகச் சட்டென்று நிற்க முடியாது.

கே: இன்சூரன்ஸ்?

ப: பாலிசியை எடுத்துப் படியுங்கள். பலவற்றில் உள்நாட்டு நீர்வழிகளுக்கு மட்டுமே காப்பீடு. ஓதம் ஏறி இறங்கும் நீருக்கு முன்கூட்டியே எழுத்து மூலம் அனுமதி வாங்க வேண்டும்.

கே: செவர்ன் கழிமுகம் வழியாக ஷார்ப்னெஸ்ஸிலிருந்து பிரிஸ்டலுக்கு நேரோபோட்டுகள் போகின்றனவே?

ப: போகின்றன. ஆனால் நீரோட்டம் தெரிந்த பைலட்டை ஏற்றிக்கொண்டு, நாள் பார்த்து, துவாரங்களை அடைத்து, லைஃப் ஜாக்கெட்டும் விஎச்எஃப் ரேடியோவுமாகப் போகிறார்கள். செவர்ன் கழிமுகத்தில் ஓதம் 14 மீட்டர் வரை ஏறி இறங்கும். 1960 அக்டோபர் 25 இரவு, மூடுபனியில் ஷார்ப்னெஸ் துறைமுக வாயிலைத் தவறவிட்ட இரண்டு எண்ணெய்ப் படகுகளை நீரோட்டம் ஆற்றின் மேல்நோக்கி இழுத்துப்போய் ரயில் பாலத் தூணில் மோதவைத்தது. ஐந்து பேர் இறந்தார்கள். அவை அந்த ஆற்றிலேயே தொழில் செய்த படகுகள், ஓட்டியவர்கள் அதை நன்கு அறிந்தவர்கள்.

முதல் கேள்வி கேட்ட லண்டன் வாசகருக்கு இன்னொரு வார்த்தை. பிரான்ஸின் கால்வாய்கள் அழகானவை, அவசியம் பாருங்கள். படகைக் கிரேனில் தூக்கி லாரியில் அனுப்பும் தொழில் இங்கிலாந்தில் நன்றாகவே நடக்கிறது. செலவு கூடுதல்தான். படகு லாரியில் போகட்டும், குழந்தைகள் பயணிகள் கப்பலில் வரட்டும்.