திருநள்ளாற்றில் பிரேக் போடும் செயற்கைக்கோள்

கடலூர் மாவட்டத்தில் ஒரு மங்களூர் இருக்கிறது. விருத்தாசலத்துக்கு மேற்கே, வேப்பூரைத் தாண்டி, மானாவாரியில் மக்காச்சோளமும் பருத்தியும் விளைகிற ஒன்றியம். 2008 தொகுதி மறுசீரமைப்பில் காணாமல் போகும்வரை சட்டமன்றத் தொகுதியாகவும் இருந்தது. தொல். திருமாவளவன் 2001இல் முதன்முறையாகச் சட்டமன்றத்துக்குப் போனது இந்த மங்களூரிலிருந்துதான். இத்தனை இருந்தும் போனில் மங்களூர் வானிலை என்று தேடினால் அரபிக்கடலோர மங்களூரில் கனமழை என்று வரும். இங்கே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருக்கும். மழை பெய்கிறதா இல்லையா என்பதையே தப்பாகச் சொல்கிற அந்தப் போன், நாசா சொன்னதாக ஒன்றைச் சொன்னால் மட்டும் டீக்கடை பெஞ்சு முழுக்க நம்பிவிடுகிறது.

பெஞ்சுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. மக்காச்சோள விலையையும் படைப்புழு மருந்தையும் பேசிக்கொள்ள ஆரம்பித்தது. இப்போது பெரும்பாலும் விண்வெளியில் இருக்கிறது. முக்கிய உறுப்பினர்கள் நால்வர். ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர், எல்லாருக்கும் ‘சார்’. விருத்தாசலம் தொழிற்பேட்டையில் பீங்கான் பட்டறை வைத்திருப்பவர், பாதிப் பேருக்கு மாமா. சென்னையில் ஓ.எம்.ஆர். பக்கம் கணினி வேலையில் இருக்கும் தம்பி. எதையும் நம்பும், ஆனால் யாரையும் நம்பாத ஒரு மக்காச்சோள விவசாயி. இதை எழுதுபவரும் அதில் உறுப்பினர்தான். பேசாமல் படிக்கிற வகை.

குழுவுக்கு ஆண்டுக்கு இருமுறையாவது வந்து சேருகிற செய்தி ஒன்று உண்டு. திருநள்ளாற்றுக்கு மேலே வரும்போது செயற்கைக்கோள்கள் மூன்று வினாடி நின்றுவிடுகின்றன, நாசா திகைத்துப் போயிருக்கிறது என்று. ஒரு தடவை சாருக்குப் பொறுக்கவில்லை. பூமிக்கு அருகே சுற்றும் செயற்கைக்கோள் வினாடிக்கு ஏழரை கிலோமீட்டர் வேகத்தில் போகிறது, அந்த வேகம்தான் அதை விழாமல் வைத்திருக்கிறது, மூன்று வினாடி நின்றால் அது மறுபடி சுற்றாது, கீழே வரும் என்று நீளமாக எழுதினார். தம்பி கணக்கைச் சுருக்கிக் கொடுத்தார்: விருத்தாசலத்திலிருந்து திருநள்ளாறு நேர்கோட்டில் எண்பது சொச்சம் கிலோமீட்டர், செயற்கைக்கோளுக்கு அது 11 வினாடிப் பயணம், நம்ம பஸ்ஸுக்கு அரை நாள். கூடவே இன்னொன்றும் சொன்னார். வானத்தில் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரியும் செயற்கைக்கோள்கள் இருக்கத்தான் செய்கின்றன. நம் டிவி டிஷ் பார்த்துக்கொண்டிருப்பது அவற்றைத்தான். ஆனால் அவை 35,786 கிலோமீட்டர் உயரத்தில், நிலநடுக்கோட்டுக்கு நேர்மேலேதான் நிற்க முடியும். திருநள்ளாறு அதற்கு வடக்கே 11 டிகிரி தள்ளி இருக்கிறது.

அரை மணி நேரம் குழுவில் சத்தமில்லை. பிறகு விவசாயியிடமிருந்து குரல் பதிவு வந்தது. “நிக்கலன்னா போவட்டும் சார். கொஞ்சம் மெதுவாவாவது போவுதுல்ல?”

இந்த விவாதத்தை முடித்துவைத்தது விஞ்ஞானம் அல்ல, டீக்கடைக்காரரின் அம்மா. நளன் கதையை நம்பிக் குளத்தில் முழுக்குப் போடப் போகிறவர்களுக்கு அமெரிக்காக்காரன் சான்றிதழ் எதற்கு, சனி பகவான் என்ன பரீட்சையா எழுதுகிறார் என்று கேட்டார். இதற்கு மேல் பதில் வரவில்லை. அந்தம்மா குழுவில் இல்லை என்பது குழுவின் பெரிய குறை.

தீபாவளிக்கு வருவது வேறு. விண்வெளியிலிருந்து தீபாவளி இரவில் எடுத்ததாக, இந்தியா முழுக்க வண்ண வண்ணமாக மின்னும் ஒரு படம். அது ஒரே இரவில் எடுத்ததே அல்ல. 1992 முதல் 2003 வரையிலான அமெரிக்கச் செயற்கைக்கோள் பதிவுகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து, எந்த ஊருக்கு எப்போது விளக்கு வந்தது என்று காட்ட நிறம் பூசிய வரைபடம். நாசாவே 2012இல் விளக்கம் சொல்லி, மெய்யான தீபாவளி இரவுப் படத்தையும் வெளியிட்டது. அதில் இந்தியா மற்ற நாட்களில் இருப்பதுபோலவேதான் இருந்தது. யோசித்துப் பார்த்தால் பொய்ப் படத்தின் நிஜக் கதைதான் நமக்கு அதிகம் பெருமை தர வேண்டியது. பட்டாசு அன்று மட்டும் வெடிக்கிறது. அந்தப் படத்தில் இருப்பது ஊர் ஊராக மின்சாரம் வந்த வரலாறு. அதை யாரும் ஃபார்வேர்டு செய்ததில்லை.

2023 ஆகஸ்ட் 23 மாலை 6.04 மணிக்குச் சந்திரயான்-3 இறங்கியபோது பெஞ்சு ஒரே மனதாக இருந்தது. ஒற்றுமை ஏறக்குறைய நான்கு நிமிடம் நீடித்தது. திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர், ரயில்வே பள்ளியில் படித்தவர், அப்பா ரயில்வே தொழில்நுட்பப் பணியாளர் என்று தெரிந்ததும் உரிமைப் பிரச்சினை கிளம்பியது. விழுப்புரம் நமக்குப் பக்கம்தானே, விருத்தாசலம் வழியாகத்தானே அந்த ரயில் திருச்சிக்குப் போகிறது, அவர் திருச்சியில் எம்.இ. படிக்கப் போனபோது நம் ஊரைத் தாண்டித்தானே போயிருப்பார் என்று வாதம் போனது. இந்தத் தர்க்கத்தை இதை எழுதுபவர் எந்தச் சட்டமன்றத்திலும் கேட்டதில்லை.

அடுத்து செலவு. சுமார் 615 கோடி ரூபாய்க்கு நிலாவுக்குப் போனோமே, சிறுபாக்கம் ரோட்டில் போக முடிகிறதா என்று விவசாயி கேட்டார். விண்வெளிச் செய்தி வந்த எல்லா நாட்களிலும் எல்லா நாடுகளிலும் கேட்கப்படும் கேள்வி இது. அமெரிக்காவில் அப்போலோ காலத்திலேயே கேட்டார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் சாலைப் பணத்தை எடுத்து ராக்கெட் விட்டதாக நினைப்பது சரியல்ல. புயல் எச்சரிக்கைக்கும், கடலில் மீன் எங்கே கிடைக்கும் என்ற தகவலுக்கும் இதே இஸ்ரோவின் செயற்கைக்கோள்களைத்தான் நம்பியிருக்கிறோம். 2011 டிசம்பரில் ‘தானே’ புயல் கடலூரைப் புரட்டிப்போட்டதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. விவசாயி இதையும் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டு, “அப்ப ரோடு?” என்றார்.

இந்த இடத்தில்தான் பீங்கான் மாமா நுழைந்தார். பீங்கான் என்பது களிமண், குவார்ட்ஸ், பெல்ஸ்பார் மூன்றும் சேர்ந்த சமாச்சாரம். அதில் பெல்ஸ்பாரை அவர் தன் குடும்பச் சொத்துபோலப் பேசுவார். நிலாவே பெல்ஸ்பார்தான் என்று அன்றைக்கு அடித்துச் சொன்னார். சிரித்தார்கள். சிரித்திருக்கக் கூடாது. நிலாவில் வெள்ளையாகத் தெரியும் மேட்டுநிலங்கள் அனார்த்தசைட் என்ற பாறை; அது பெரும்பகுதி பெல்ஸ்பார் குடும்பத்துக் கனிமத்தால் ஆனது. அதே பாறை நாமக்கல் மாவட்டத்தில் சித்தம்பூண்டியிலும் குன்னமலையிலும் கிடைக்கிறது. சந்திரயான்-2க்காக நிலா மண் மாதிரி தேவைப்பட்டபோது, அமெரிக்காவிலிருந்து வாங்கினால் கட்டுப்படியாகாது என்று இஸ்ரோ இங்கேதான் வந்தது. சேலம் பெரியார் பல்கலைக்கழகப் புவியியல் துறையின் துணையோடு பாறையை உடைத்து, அரைத்து, பெங்களூருக்கு டன் கணக்கில் கொண்டுபோனார்கள். லேண்டரும் ரோவரும் நிலாவுக்கு முன் கால் வைத்துப் பழகியது நாமக்கல் மண்ணில். முட்டைக்கும் லாரிக்கும் பேர்போன மாவட்டம் இதைப் பெரிதாக விளம்பரம் செய்துகொள்ளவில்லை.

மாமா அதோடு நிற்கவில்லை. விண்கலம் திரும்பி வரும்போது எரியாமல் காப்பதும் எங்கள் தொழில்தான் என்றார். இதுவும் முக்கால்வாசி உண்மை. அமெரிக்காவின் கொலம்பியா விண்ணோடத்தின் மேல் 24,000க்கும் அதிகமான ஓடுகள் ஒட்டப்பட்டிருந்தன. பெரும்பாலானவை சுத்தமான சிலிக்கா இழையால் ஆனவை. பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் வெறும் காற்று என்பதால், சூளையிலிருந்து தகதகவென்று எடுத்த சில வினாடியில் அதன் ஓரத்தை வெறுங்கையால் பிடிக்கலாம். நம் நாட்டிலும் 2007 ஜனவரி 10 அன்று ஏவப்பட்ட எஸ்.ஆர்.இ.-1 என்ற 550 கிலோ கலம், சிலிக்கா ஓடுகளைப் போர்த்திக்கொண்டு 12 நாள் சுற்றிவிட்டு வங்கக் கடலில் பத்திரமாக வந்து விழுந்தது. அந்த ஓடு விருத்தாசலத்தில் செய்ததா என்று தம்பி கேட்டார். திருவனந்தபுரத்தில் இஸ்ரோவே செய்தது. “அதான் சொல்றேன், எங்ககிட்ட குடுத்திருந்தா இன்னும் சீப்பா முடிஞ்சிருக்கும்” என்றார் மாமா. பியூஸ் கேரியரும் கொலு பொம்மையும் செய்கிற கை, விண்கலத்துக்கு ஓடு செய்யாதா என்ற அந்தத் தன்னம்பிக்கையை எந்த ஆதாரத்தாலும் அசைக்க முடியாது.

ஆதாரத்தைத் தேடிப் போகிறவர்கள் இல்லாமலும் இல்லை. 2019 செப்டம்பர் 7 அதிகாலை சந்திரயான்-2இன் விக்ரம் லேண்டர் தொடர்பை இழந்தபோது நாடே கருத்துச் சொன்னது. உடைந்ததா, சாய்ந்து கிடக்கிறதா, ஒளிந்திருக்கிறதா என்று பெஞ்சிலும் மூன்று கட்சி. மதுரையில் பிறந்து சென்னையில் வேலை பார்த்த பொறியாளர் சண்முக சுப்பிரமணியன் மட்டும் கருத்துச் சொல்வதை விட்டுவிட்டு, நாசா வெளியிட்ட நிலாப் படங்களின் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் புள்ளி புள்ளியாகத் தேடினார். முன்பு இல்லாத ஒரு வெள்ளைப் புள்ளி கண்ணில் பட்டது. நாசாவுக்கு எழுதினார். அவர்கள் சரிபார்த்து, டிசம்பர் தொடக்கத்தில் அவர் பெயரைச் சொல்லியே அறிவித்தார்கள். எங்கள் ஆர்பிட்டர் முன்னமே கண்டுபிடித்துவிட்டது என்று இஸ்ரோ தலைவர் சிவன் சொன்னார். உடனே யார் முதலில் என்று புதிய விவாதம். அந்தப் படங்கள் எல்லாருக்கும் இலவசமாகக் கிடைத்தவை. பெஞ்சில் இருந்தவர்கள் போனிலும் திறந்திருக்கும்.

பாதுகாப்புச் செய்திகளில் விவாதம் வேறு மாதிரி போகும். விண்வெளியில் எல்லாரும் நிபுணர். பாதுகாப்பில் எல்லாரும் சந்தேகப் பிராணி. 2019 அக்டோபர் 28 அன்று கூடங்குளம் அணுமின் நிலையக் கணினியில் வேவு மென்பொருள் புகுந்திருக்கிறது என்று ஒரு பாதுகாப்பு வல்லுநர் ட்விட்டரில் எழுதினார். மறுநாள் நிலையத்திலிருந்து மறுப்பு வந்தது: எங்கள் கட்டுப்பாட்டுக் கணினிகள் தனித்து இயங்குகின்றன, வெளியே எதோடும் இணைப்பில்லை, தாக்குதல் சாத்தியமே இல்லை. அதற்கும் மறுநாள் இந்திய அணுமின் கழகம், மென்பொருள் புகுந்தது உண்மைதான், செப்டம்பர் 4ஆம் தேதியே தகவல் வந்துவிட்டது, நிர்வாக வேலைக்கான இணைய வலையில் இருந்த ஒரு கணினியில்தான், உலையை நடத்தும் வலை வேறு என்று ஒப்புக்கொண்டது.

இரண்டு அறிக்கையையும் பொறுமையாகப் படித்தால் ஒன்று மற்றதைப் பொய்யாக்கவில்லை. முதலாவது கேட்கப்படாத கேள்விக்குச் சரியாகப் பதில் சொன்னது. ஆனால் ‘சாத்தியமே இல்லை’ என்று திங்கள்கிழமைக் கேள்விக்குச் செவ்வாயில் சொல்லிவிட்டு, புதன்கிழமை ‘உண்மைதான்’ என்றால் யார் நம்புவார்கள்? அப்போது இரண்டாம் உலை சில நாள் நின்றிருந்தது வேறு காரணத்துக்கு. அதையும் இதோடு முடிச்சுப் போட்டுப் பெஞ்சு ஒரு வாரம் ஓட்டியது. வதந்தி கிளப்புகிறவர்களைத் திட்டுகிறோம். அவர்களுக்கு வேலையை எளிதாக்கிக் கொடுப்பது இப்படிப்பட்ட மறுப்பு அறிக்கைகள்தான்.

வாட்ஸ்அப் இல்லாத காலத்தில் இதெல்லாம் இல்லை என்று சார் பெருமூச்சு விடுவார். இருந்தது. 1979 ஜூலையில் 77 டன் எடையுள்ள ஸ்கைலாப் ஆய்வுக்கூடம் விழப்போகிறது, எங்கே விழும் என்று யாருக்கும் தெரியாது என்று வானொலி சொன்னபோது இந்தியக் கிராமங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. எப்படியும் சாகப்போகிறோம் என்று வளர்த்த ஆட்டை அடித்துச் சாப்பிட்ட வீடுகள் உண்டு. அன்றைக்குத் தின்ற கறியின் ருசியைப் பெஞ்சின் மூத்தவர் இன்றும் விவரிப்பார். ஜூலை 11 அன்று அது இந்தியப் பெருங்கடலிலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் சிதறி விழுந்தது. குப்பை கொட்டியதற்காக எஸ்பெரன்ஸ் என்ற சிற்றூர் நிர்வாகம் நாசாவுக்கு 400 டாலர் அபராதம் போட்டது. இந்தியாவில் விழுந்தது, நான்கு நாள் கழித்து, மொரார்ஜி தேசாய் அரசு.

அன்று வானொலியில் வந்த பயம் இன்று போனிலேயே வருகிறது. சென்ற வருடம் பீங்கான் மாமாவுக்கு ஒரு வீடியோ அழைப்பு வந்தது. எதிரில் காக்கிச் சட்டை, பின்னால் தேசியக் கொடி. உங்கள் பெயரில் மும்பையில் போதைப் பார்சல் பிடிபட்டிருக்கிறது, நீங்கள் டிஜிட்டல் கைதில் இருக்கிறீர்கள், கேமராவை விட்டு நகரக் கூடாது என்றார் அதிகாரி. “சூளையில சரக்கு வேகுது சார், ரெண்டு மணி நேரம் கழிச்சு அரெஸ்ட் பண்ணிக்குங்க” என்று மாமா போனைச் சூளைப் பக்கம் திருப்பிவைத்தார். கைதி எங்கேயும் போகாததால் பேச்சு வளர்ந்தது. என்ன தொழில் என்று அதிகாரி கேட்டிருக்கக் கூடாது, கேட்டுவிட்டார். களிமண், குவார்ட்ஸ், பெல்ஸ்பார் என்று ஆரம்பித்து, நாமக்கல் பாறை வழியாக மாமா நிலாவை நெருங்கும்போது மும்பைக் காவல்துறை தானாகவே அழைப்பைத் துண்டித்தது.

எல்லாருக்கும் அந்தப் பேச்சு வன்மை வாய்க்காது. டிஜிட்டல் கைது என்று சட்டத்தில் ஒன்று கிடையவே கிடையாது. 2024 அக்டோபர் 27 அன்று பிரதமரே வானொலியில் இதைச் சொன்னார். அப்படி அழைப்பு வந்தால் பேசாமல் துண்டித்துவிடுங்கள். ஏமாந்து பணம் அனுப்பியிருந்தால் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காமல் அந்த நிமிடமே 1930க்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் மறிக்க வாய்ப்பு உண்டு. மாமாவின் எண்ணைக் கேட்டு யாரும் எழுத வேண்டாம்.