பத்மினிக்கு வாய்த்த மாப்பிள்ளை

முதுமையில் மனிதனைப் பற்றும் வியாதிகளுள், எதையாவது அளந்துகொண்டே இருக்க வேண்டும் என்ற வியாதியைக் குறித்து வைத்திய சாஸ்திரங்கள் ஏன் மௌனம் சாதிக்கின்றன என்பது எனக்கு விளங்கவில்லை. பென்ஷன் வாங்கிக்கொண்டு பம்பாய் மாதுங்காவில் உட்கார்ந்த நாள் முதலாக, இரத்த அழுத்தத்தைக் காலையும் மாலையும், சர்க்கரையை வாரம் ஒரு முறையும், மழையை மொட்டை மாடியில் ஹார்லிக்ஸ் பாட்டில் வைத்தும் அளந்துவந்த நான், அளப்பதற்கு வீட்டில் வேறொன்றும் மிஞ்சாத நிலையில்தான், கீழே நின்றிருந்த என் பிரீமியர் பத்மினியின் மீது கண் வைத்தேன்.

பத்மினியின் குலம் சாமானியமானதல்ல. வால்சந்த் ஹிராசந்த் 1944-ல் ஸ்தாபித்த கம்பெனியின் குர்லா ஆலையிலிருந்து, டூரின் நகரத்து ஃபியட்டின் சாயலில் 1964 முதல் வெளிவந்துகொண்டிருந்த இந்த வண்டிக்கு, 1974-ல் சித்தூர் ராணியின் திருநாமத்தைச் சூட்டினார்கள். 1089 சி.சி. இன்ஜினையும் ஸ்டியரிங் தண்டிலேயே கியரையும் வைத்துக்கொண்டு பம்பாய் முழுவதையும் முதுகில் சுமந்த அவளுடைய கறுப்பு மஞ்சள் சகோதரிகள், 2023 அக்டோபர் 30-ஆம் தேதியோடு டாக்ஸித் தொழிலிலிருந்து அறவே விலகிவிட்டார்கள். என் பத்மினி மட்டும், ஐந்து வருஷத்துக்கொரு முறை மறுபதிவு என்னும் ஆயுஷ்ய ஹோமத்தைச் செய்துகொண்டு ஜீவித்திருக்கிறாள். வெப்ப முள் எந்தக் கோடையிலும் எழுந்திராது; பெட்ரோல் முள்ளோ, திருப்பத்துக்குத் திருப்பம் டாங்கியை நிரப்பியும் காலி செய்தும் விளையாடும்.

இந்தச் சமயத்தில்தான் செம்பூரிலிருந்து வந்த பேரன், கல்லூரிப் பாடத்துக்கு வாங்கி மிஞ்சியதாக, தீப்பெட்டியைவிடச் சிறிய ஒரு பலகையை என் கையில் வைத்து, "தாத்தா, இதுதான் ஆர்டுயினோ நானோ, என்ன சொன்னாலும் அளக்கும்" என்றான். விசாரித்ததில், இந்தப் பலகையின் வம்சம் 2005-ல் இத்தாலியின் இவ்ரியா என்ற ஊரில் தோன்றியது என்றும், அவ்வூர் டூரினுக்கு ஐம்பது கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது என்றும், 1002-ல் இத்தாலிக்கு முடிசூடிய அர்டுயின் என்ற அரசனின் பெயரைத் தாங்கிய ஒரு மதுக்கடையிலிருந்து இதற்குப் பெயர் வந்தது என்றும் தெரியவந்தது. பெண் ராணி, பிள்ளை ராஜா, பூர்வீகமோ ஒரே ஜில்லா! ஜாதகம் பார்க்கவும் வேண்டுமோ? மதுக்கடைச் சம்பந்தம் ஒன்றுதான் குறை; அதை நான் பெண்ணின் காதில் போடவில்லை.

லாமிங்டன் ரோட்டில் சீர்வரிசை வாங்கினேன்: சூடு பார்க்க ஒரு சென்சார், எண் காட்ட ஒரு சிறு திரை, பேட்டரியின் பன்னிரண்டு வோல்ட்டை மாப்பிள்ளைக்கு ஜீரணமாகும்படி ஐந்தாகக் குறைக்கும் ஒரு ரெகுலேட்டர். தாராவி தொண்ணூறடிச் சாலையில் கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக்காரரான வயரிங் மிஸ்திரி அண்ணாச்சி, முகூர்த்தத்தை நடத்திவைக்கச் சம்மதித்தார். "வண்டிக்குச் சூடு ஏறுச்சுன்னா அதுவே சொல்லும் ஐயா, கேக்கதுக்குத்தான் ஆள் வேணும்" என்றவர், "லைனைச் சாவியிலேருந்து எடுங்க" என்று ஒரு புத்திமதியும் சொன்னார். இரவிலும் பத்மினியின் நாடியைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையில், வீட்டுக்கு வந்ததும் லைனை நான் நேரே பேட்டரியோடு இணைத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளை விழிக்கும்போதெல்லாம் திரையில் 'வணக்கம்' என்று ஆங்கில எழுத்தில் தோன்றும்படி பேரன் எழுதிக் கொடுத்திருந்தான். ஸ்டார்ட்டர் சுழலும் கணத்தில் பேட்டரியின் வோல்ட் சரிந்து மாப்பிள்ளை மூர்ச்சையாகி, மறுகணம் எழுந்து வணக்கம் சொல்வார். நாலு சிலிண்டர் இன்ஜின் ஒரு சுற்றுக்கு இரண்டு பொறி விடும். அந்தப் பொறிகளை எண்ணிச் சுற்று வேகத்தைச் சொல்வதாக ஏற்பாடு. ஆனால் காயிலிலிருந்து வந்த இரைச்சலையும் பொறியென்றே எண்ணிய மாப்பிள்ளை, கிங்ஸ் சர்க்கிள் சிக்னலில் சும்மா நின்றிருந்த பத்மினி நிமிஷத்துக்குப் பதினோராயிரம் சுற்று சுற்றுவதாக அறிவித்தார். மாமியார் வீட்டில் பெருமை பேசுவது மாப்பிள்ளைகளின் சுபாவமே என்று பொறுத்துக்கொண்டேன்.

சூட்டு விஷயந்தான் என் பிராணனை வாங்கியது. ஒரு நாள் செம்பூருக்குப் போகும் வழியில், சயன் நெரிசலில், 89, 91, 93 என்று எண்கள் ஏற ஏற, நானும் ஏறத் தொடங்கினேன். இத்தனை வருஷம் அவள் எத்தனை டிகிரியில் ஓடினாள் என்று அறியாமல் நிம்மதியாக உறங்கியவன், அன்று ஓரமாக வண்டியை நிறுத்தி, கைகளைப் பிசைந்துகொண்டு நின்றேன். பின்னால் அமர்ந்திருந்த என் சகதர்மிணி, "ஏன்னா, குக்கர் மாதிரி இதுக்கும் அழுத்தி மூடி இருக்கோல்லியோ? மூடி போட்ட தண்ணி நூறிலேயே கொதிக்காது. தொண்ணூத்து மூணுக்கு நீங்க ஏன் கொதிக்கறேள்?" என்றாள். சமையலறையில் முப்பது வருஷம் பௌதிகம் பயின்றவளிடம் நான் வாதம் செய்யவில்லை.

பிறகு கும்பகோணத்தில் ஒரு கல்யாணத்துக்காக இருபது நாள் போய்விட்டு வந்து, சாவியைத் திருப்பினேன். 'டிக்' என்று ஒரு சப்தம், 'வணக்கம்.' மறுபடியும் திருப்பினேன், மறுபடியும் வணக்கம். சவமாகக் கிடந்த ஒரு வண்டிக்குள்ளிருந்து அத்தனை மரியாதையான குரல் வந்து நான் கேட்டதில்லை.

அண்ணாச்சி வந்து மீட்டரை வைத்துப் பார்த்தார். மாப்பிள்ளையின் ஆகாரம் 60 மில்லி ஆம்பியர். நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒன்றரை ஆம்பியர் மணி. இருபது நாளில் இருபத்தொன்பது. என் பேட்டரியின் மொத்தச் சொத்தே 32. பத்மினி எப்படி இருக்கிறாள் என்று இருபது நாள் இரவு பகலாகக் கவனித்து, கவனிப்பதற்கான கூலியாக அவளுடைய பேட்டரியையே உண்டு தீர்த்திருக்கிறார் அந்த வீட்டோடு மாப்பிள்ளை! உலகத்தையெல்லாம் அளக்கப் புறப்பட்ட நான், அளப்பவன் எவ்வளவு சாப்பிடுவான் என்பதை மட்டும் அளக்க மறந்துபோனேன்.

"அப்பவே சொன்னேனே ஐயா" என்ற அண்ணாச்சி, அதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல், லைனைச் சாவிக்கு மாற்றிக் கொடுத்தார். இப்போது வண்டிக்குச் சாவி போட்டால்தான் மாப்பிள்ளைக்குச் சாப்பாடு. தினமும் காலையில் திருப்பியதும் 'வணக்கம்' என்கிறார். நானும் பதிலுக்குச் சொல்கிறேன். வேலைக்கு வந்து நின்று சொல்லும் வணக்கத்துக்கு ஒரு தனிக் கௌரவம் இருக்கத்தான் செய்கிறது.