மிதந்தபடியே காரை களைதல்: ஒரு கலைப்பூசல் விசாரணை

படகைக் கரையேற்றி எஞ்சினைச் சுத்தம் செய்வதில் அறிஞரிடையே பூசல் இல்லை. ஆகவே அது ஆய்வுக்குரிய பொருளும் அன்று. படகு மிதந்துகொண்டிருக்க, எஞ்சின் வயிற்றில் புளிப்பு நீரை ஊற்றி, உள்ளே படிந்த காரையைக் கரைப்பதே இங்கு எடுத்துக்கொண்ட பொருள். கடல்நீரை நேராக உள்ளே இழுத்துத் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் சிறு டீசல் எஞ்சின்களே ஆய்வு எல்லை. சான்றுக்கு, பழைய பாய்மரப் படகுகளில் காணப்படும் யான்மார் 1ஜிஎம்10 என்ற ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின். தனியே கூலண்ட் ஊற்றி வளர்க்கப்படும் செல்வந்த எஞ்சின்கள் விலக்கப்பட்டன.

குழாயை அடைப்பது சாப்பாட்டு உப்பு என்பது பாமரர் துணிபு. பொருந்தாது. அந்த உப்பு ஒரு லிட்டர் நீரில் 350 கிராம் வரை கரையும். கடல்நீரிலோ எல்லா உப்பும் சேர்ந்தே ஏறத்தாழ 35 கிராம்தான். உண்மைக் குற்றவாளி கால்சியம் கார்பனேட் என்னும் சுண்ணாம்பு. மற்றவை பெரும்பாலும் சூட்டில் கரையும். இது சூட்டில் படியும். ஆகவேதான் இவ்வகை எஞ்சினின் தெர்மோஸ்டாட் 42 டிகிரியில் திறக்கத் தொடங்கி 52 டிகிரியில் முழுதும் திறந்துவிடுகிறது. காரைக்கு அஞ்சி ஆயுள் முழுவதும் வெதுவெதுப்பிலேயே கழிக்கும் எஞ்சின் அது. அப்படியும் காரை பிடிக்கிறது. மெல்ல ஓடும்வரை நோய் தெரியாது; வேகம் கூட்டியதும் சூட்டு மணி அலறும்.

மருந்து பற்றிய கணக்கு எளிது. கடையில் விற்கும் 5 சதவீத வினிகர் லிட்டருக்குச் சுமார் 40 கிராம் சுண்ணாம்பைத்தான் கரைக்கும். 100 கிராம் சிட்ரிக் அமிலம் அதைப்போல் ஏறக்குறைய இருமடங்கு. கழிவறை கழுவும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் எல்லாவற்றையும் கரைக்கும்; அலுமினியத்தையும் சேர்த்து. அம்மார்க்கத்தாரோடு வாதிடுவதில் பயனில்லை, எஞ்சினே வாதிடும்.

பூசல் முறையில்தான். வைணவத்தில் வடகலையார்க்குக் குரங்குக்குட்டி, தென்கலையார்க்குப் பூனைக்குட்டி. குட்டி தாயைப் பற்றிக்கொள்ள வேண்டும் என்பது முன்னது. தாயே கவ்விச் செல்வாள் என்பது பின்னது. படகுத்துறையிலும் அவ்வாறே. பூனைக் கட்சியார் எஞ்சினை அமிலத்தால் நிரப்பி, ஹோஸின் வாயை உயரக் கட்டிவிட்டு உறங்கப் போகின்றனர். கரைப்பது அமிலத்தின் கருணை. குரங்குக் கட்சியார் வாளியில் ஒரு சிறு பம்பை இறக்கி, அமிலத்தை எஞ்சின் வழியே சுற்றவிட்டு, நுரையைப் பார்த்தபடி குந்தியிருக்கின்றனர். தேங்கிய அமிலம் காரையோரத்தில் சீக்கிரமே சத்திழக்கும். எழும் கரியமில வாயு மேல்மூலையில் குமிழாக நின்று அவ்விடத்தை நனையவும் விடாது. ஆகவே என் தீர்ப்பு குரங்கின் பக்கம். ஆனால் பூனைக் கட்சியார்க்கு முதுகுவலி இல்லை என்பதையும் நேர்மையான ஆய்வாளன் பதிவு செய்தாக வேண்டும்.

இருசாராரும் ஒப்பும் சடங்குகள் சில. துத்தநாகக் குச்சியை முதலில் கழற்றுக, அமிலம் அதைத் தின்றுவிடும். தெர்மோஸ்டாட்டையும் எடுத்துவிடுக, குளிர்ந்த அமிலத்துக்கு அது கதவு திறக்காது. நின்றுபோன பம்பின் ரப்பர் இம்பெல்லர் வழிமறிக்கும், அதையும் கழற்றுக. வெளிவரும் நீர் புகைக்குழாய்க்குள் போகாமல் வாளிக்கே திரும்ப வேண்டும். சைலன்சர் நிறைந்து சிலிண்டருக்குள் நீர் ஏறினால் காரை பற்றிய கவலையே இராது, எஞ்சினே இராது. முடிவில் நன்னீரால் அலசுக.

இனி மையப் பிரச்சினை. எல்லாவற்றுக்கும் முன்னால் படகின் அடியிலுள்ள கடல்வால்வை மூட வேண்டும். மூடாமல் ஹோஸைக் கழற்றினால் கடல் தானே உள்ளே வந்து ஐயம் தெளிவிக்கும். இந்த மறதி அரிது, ஏனெனில் தண்டனை உடனடி. வேலை முடிந்தபின் திறக்க மறப்பதே பெருவழக்கு: புதிதாகப் பூட்டிய இம்பெல்லர் வறண்டு சுழன்று சிறிது நேரத்திலேயே கந்தலாகும், அதன் துணுக்குகள் இப்போதுதான் அடைப்பு நீங்கிய குழாய்க்குள் போய் அடைக்கும்.

இதற்கு மாலுமிகள் கண்ட பரிகாரம், வால்வை மூடியதும் எஞ்சின் சாவியை அதன் கைப்பிடியிலேயே மாட்டிவிடுவது. சாவி வேண்டுமானால் வால்வுக்குப் போயே ஆக வேண்டும். மாட்டிய செய்தியையே மறந்து, சாவி தொலைந்ததென்று பூட்டுக்காரரை அழைப்போர் பற்றிய ஆராய்ச்சி இவ்வெல்லைக்கு அப்பாற்பட்டது.