தெறக்கத் தெரியாதவனுக்கு எதுக்கப்பு பூட்டு?

வாப்பு, உக்காரு. கையில இருக்குற சோடா டின்ன அப்பிடிக் கீழ வையி. அந்த மூடிய என்னைக்காச்சும் உத்துப் பாத்திருக்கியா? எங்க பாத்திருக்கப் போற. உள்ள இருக்குறது தொண்டையில எறங்குனாப் போதும் ஒனக்கு.

இந்தக் காலத்துல எதையெடுத்தாலும் கண்டுபிடிப்பு, கண்டுபிடிப்புன்னு குதிக்கிறீங்க. நல்லது, குதிங்க. நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான். ஒரு சாமான இறுக்கி மூடுறதுக்குப் பெரிய மூளை வேணுமா? எந்தக் கிறுக்குப்பயலும் மூடிருவான். வேண்டியவன் வந்து கைய வச்சா அது தெறக்குதா? அதுலதான் மண்டை இருக்கு.

1810ல லண்டன்ல பீட்டர் டியூராண்டுன்னு ஒரு யாவாரி. தகர டப்பாவுல சாப்பாட்ட அடச்சு வைக்கிற சூட்சுமத்துக்கு இங்கிலாந்து ராசாகிட்டக் காப்புரிமை வாங்கிட்டாரு. கப்பல்காரய்ங்களுக்குக் கொண்டாட்டம். கறி மாசக்கணக்காக் கெடாதுல்ல? எல்லாஞ் சரி, எப்பிடித் தெறக்குறது? உளியையும் சுத்தியலையும் வச்சு வெட்டிக்கன்னு டப்பா மேலயே எழுதி ஒட்டியிருந்தாய்ங்க! டப்பா வெட்டுற கருவின்னு ஒண்ணு இங்கிலாந்துல 1855லயும் அமெரிக்காவுல 1858லயும்தான் வந்துச்சு. கணக்குப் போடு. 45 வருசம். அம்புட்டு வருசமும் சோத்துக்கு முன்னாடி ஒரு கொல்லன் வேலையப் பாத்துட்டுத்தான் சாப்புட்டிருக்காய்ங்க. படிச்சவய்ங்கப்பு, பூரா படிச்சவய்ங்க.

இப்ப ஒன் டின்னுக்கு வருவோம். 1959ல அமெரிக்காவுல, ஒகையோ மாகாணத்துல, எர்மல் ஃப்ரேஸுன்னு ஒருத்தரு. அச்சுக்கருவி செய்யிற பட்டறை வச்சிருந்தவரு. குடும்பத்தோட வெளிய சாப்புடப் போன எடத்துல டப்பா தெறக்குற கருவிய எடுத்துட்டுப் போக மறந்துட்டாரு. கடைசியில காரு பம்பர்ல வச்சு நெம்பித் தெறந்திருக்காரு. நீயா இருந்தா அதப் போட்டோ எடுத்து நாலு பேருக்கு அனுப்பிட்டு மறந்திருப்ப. அவரு பட்டறைக்காரரு, தூக்கம் வரல. மூடியிலயே பிடிய வச்சுட்டா என்னன்னு யோசிச்சாரு.

யோசிக்கிறது லேசு. பிடிய மூடியோட எப்பிடி மாட்டுவ? ஆணி அடிச்சா ஓட்டை விழும், ஓட்டை விழுந்தா உள்ள இருக்குற காத்து ஓடிரும், பொறகு சோடா எங்க இருக்கும்? பத்த வச்சா மெல்லிசுத் தகடு தாங்குமா? அந்த மனுசன் பண்ணுன வேலையப் பாரு. மூடித் தகட்டையே நடுவுல மேல இழுத்துச் சின்னதா ஒரு குமிழ் எடுத்தாரு. வளையத்த அதுல மாட்டுனாரு. குமிழுத் தலைய நசுக்கிட்டாரு. முடிஞ்சு போச்சு! தனி ஆணி கெடையாது, ஓட்டையும் கெடையாது. அலுமினியம் இழுத்த இழுப்புக்கு வரும்கிறதால நடந்த காரியம். அதுக்குக் காப்புரிமையும் கெடச்சுச்சு. இப்பத் தொட்டுப் பாரு அந்த நடுப்பொட்ட. நீ பத்து ரூவா ஆணின்னு நெனச்சது மூடியேதான்.

இந்த மாதிரி வேலையப் பாத்தா நான் துண்ட எடுத்து இடுப்புல கட்டிருவேன்.

அதுலயும் ஒரு கோளாறு இருந்துச்சு, மறைக்கல. பிச்ச வளையம் கையோட வந்துரும். கடற்கரையெல்லாம் வளையமாக் கெடந்து காலக் கிழிச்சுச்சு. சில மகராசய்ங்க வளையத்த டப்பாவுக்குள்ளயே போட்டுட்டுக் குடிச்சு, அதையும் முழுங்கிட்டு, ஆசுபத்திரிக்கு ஓடுனாய்ங்க. 1975ல டேனியல் கட்சிக்குன்னு ஒருத்தரு பிச்சா பிரியாத பிடியக் கொண்டு வந்தாரு. வாய் மட்டும் உள்ள மடங்கும், பிடி அங்கனயே இருக்கும். ஒன் டின்னுல இருக்குறது அதுதான்.

அலுமினியத்த நீ எளப்பமா நெனைக்காத. பூமித் தோல்ல இருக்குற உலோகத்துலயே அதுதான் அதிகம். நூத்துல எட்டுப் பங்கு இருக்கும். இருந்து என்ன? ஆக்சிசன் அதக் கெட்டியாப் பூட்டி வச்சிருந்துச்சு. தெறக்க ஆளில்ல. 1884ல வாசிங்டன் நினைவுத் தூணுக்கு உச்சியில அலுமினியத்துல ஒரு கூர்முனை வச்சாய்ங்க. மூணு கிலோவுக்குக் கொறச்சல்தான். வெலை அப்ப வெள்ளி வெலை. தூக்கி வைக்கிறதுக்கு முன்னாடி நியூயார்க்குல ஒரு நகைக்கடையில பார்வைக்கு வச்சிருந்தாய்ங்க. சனங்க வந்து அதத் தாண்டித் தாண்டிக் குதிச்சிருக்கு. எதுக்கு? தூணோட உச்சியவே தாண்டிட்டேன்னு ஊர்ல போயிச் சொல்லத்தான். பெருமை அடிக்கிற புத்தி இன்னைக்கு நேத்து வந்ததுன்னு நெனச்சியா?

ரெண்டே வருசம். 1886ல அந்தப் பூட்டு ஒடஞ்சுச்சு. ஒடச்சது யாரு? ரெண்டு எளந்தாரிப் பயலுக. அமெரிக்காவுல சார்லசு மார்ட்டின் ஹால், வீட்டுக்குப் பின்னாடி வெறகுக் கொட்டாயில ஒக்காந்து செஞ்சான். வேதியியல் படிச்ச அக்கா சூலியா கூட நின்னுருக்கு. பிரான்சுல பால் எரூ. அவன் அப்பன் தோல் பதனிடுற தொழில்காரரு. ஒருத்தனுக்கொருத்தன் தெரியாது. ரெண்டு பேரும் பொறந்தது 1863, போய்ச் சேந்தது 1914. கடவுளு ஒரே சீட்ட ரெண்டு தடவை கிழிச்சுட்டாரோ என்னமோ.

சூட்சுமம் இதுதான். அலுமினாவ உருக்க 2,000 டிகிரிக்கு மேல சூடு வேணும், எந்த உலை தாங்கும்? இந்தப் பயலுக கிரையோலைட்டுங்கிற உப்பக் காச்சுனாய்ங்க. சுடுதண்ணியில கருப்பட்டி கரையிற மாதிரி அதுல அலுமினா கரஞ்சுருச்சு. ஆயிரத்துக்குக் கீழ உள்ள சூடே போதும். பொறகு கரண்ட விட்டாய்ங்க. ஆக்சிசன் கரித்துண்டப் பிடிச்சுக்கிட்டு வெளிய போக, அலுமினியம் அடியில தங்கிருச்சு. அடிச்சு ஒடைக்கல, கரைச்சுத் தெறந்தாய்ங்க. அதான் வித்தை. அடுத்தாப்புல பேயருன்னு ஒரு ஆஸ்திரியாக்காரரு மண்ணுலருந்து அலுமினாவப் பிரிக்கச் சுளுவான வழி கண்டாரு. வெலை சடசடன்னு எறங்குச்சு.

நம்ம பக்கமும் ரொம்ப நாளாக் காத்துக்கிட்டு இருக்கல. 1898லயே சென்னைக் கலைப் பள்ளியில ஆல்ஃபிரட் சாட்டர்டன்னு ஒரு வெள்ளைக்காரரு அலுமினியப் பாத்திரம் அடிக்க நம்ம ஆளுகளப் பழக்கிட்டாரு. தூண் உச்சியில இருந்த சாமான் பதினாலு வருசத்துல அடுப்படிக்கு வந்துருச்சு. அப்பறம் மேட்டூர்லயே ஆலை வந்துச்சு, ஏற்காட்டு மலையிலருந்தும் கொல்லிமலையிலருந்தும் மண்ணெடுத்து. ஒரு கிலோ அலுமினியத்துக்கு 13லருந்து 15 யூனிட் கரண்டு குடிக்கும். சின்னக் குடும்பத்துக்கு ரெண்டு மூணு நாளைக்குக் காணும். பழச உருக்கி எடுத்தா அதுல நூத்துல அஞ்சு பங்கு போதும். அந்த டின்னச் சாக்கடையில வீசாத, பழைய இரும்புக்காரன்கிட்டப் போடுன்னு அதுக்குத்தான் சொல்றேன்.

சரி, மூடவும் தெறக்கவும் தெரிஞ்ச சின்னச் சாமான் ஒண்ணச் சொல்றேன். ஒன் அப்பத்தா தாலிக்கொடியில எத்தன ஊக்கு தொங்குது? எண்ணிப் பாத்திருக்கியா? 1849ல வால்டர் ஹண்டுன்னு ஒரு அமெரிக்கக்காரரு கம்பிய வளச்சுச் செஞ்சது. பதினஞ்சு டாலர் கடன அடைக்கணும், அதுக்காக வளச்சாரு. 400 டாலருக்கு உரிமைய வித்துட்டுப் போயிட்டாரு. முள்ள எடுக்கும், பிஞ்ச செருப்பு வாரு நிக்கும், சேலை மடிப்பும் நிக்கும். அதுக்கு யாராச்சும் ஆப்பு கீப்பு கண்டுபிடிச்சிருக்காய்ங்களா?

பூட்டுக்கு வருவோம், எங்க திண்டுக்கல் சரக்கு. மொதல்ல லண்டன் கதையக் கேளு. லண்டன்ல பிராமான்னு ஒரு பூட்டுக்காரரு. 1790லயே கடைச் சன்னல்ல ஒரு பூட்டத் தொங்கவிட்டு, இதக் கள்ளத்தனமாத் தெறக்குறவனுக்கு 200 கினி தாரேன்னு பலகை வச்சாரு. அறுபது வருசம் அசையல. 1851ல அமெரிக்காவுலருந்து ஹாப்சுன்னு ஒருத்தன் பெரிய பொருட்காட்சிக்கு வந்தான். அப்பப் பேரெடுத்த சப் கம்பெனிப் பூட்ட 25 நிமிசத்துல தெறந்தான். பிராமா பூட்டுக்கு 16 நாளா ஒக்காந்து 51 மணி நேரம் நோண்டித் தெறந்துட்டுக் காச வாங்கிட்டுப் போயிட்டான். லண்டனுக்கே தூக்கம் போச்சு. 51 மணி நேரம் எந்தத் திருடன் அப்பு ஒக்காருவான்? கூரை ஓட்டப் பிரிச்சுட்டு எறங்கிர மாட்டானா?

நம்ம திண்டுக்கல் மாங்காப் பூட்டு அப்பிடிப் பலகையெல்லாம் வச்சதில்ல. கையால செஞ்சது. ஒண்ணுக்கு வெட்டுன சாவி இன்னொண்ணுக்கு ஆகாது. 2019ல புவிசார் குறியீடு குடுத்தாய்ங்க. அதுக்குள்ள அலிகர் மிசின் பூட்டு வந்து செஞ்சவய்ங்க பாதிப் பேரு வேற சோலிக்குப் போயிட்டாய்ங்க. பட்டம் எப்பவுமே பந்தி முடிஞ்சுதான் வரும்.

இப்ப எதுத்த வீட்டுல வெரல வச்சாத் தெறக்குற பூட்டு. மகன் பெங்களூர்லருந்து வந்து மாட்டிட்டுப் போயிட்டான். அவன் அப்பன் வெரலு அறுபது வருசம் மம்பட்டி பிடிச்ச வெரலு. ரேகை எங்க இருக்கு? ரேசன் கடை மிசினே அவர நாலு வாட்டி நீ யாருன்னு கேக்குது. வீட்டுக் கதவும் கேட்டுச்சு. சொந்த வீட்டு வாசல்ல சாயந்தரம் வரைக்கும் ஒக்காந்திருந்தாரு மனுசன். பக்கத்துல நாலு திருடன் வந்திருந்தாலும் அவருக்கு ஒத்தாசையாத்தான் இருந்திருக்கும்.

நீயும் ஒண்ணு வாங்கத்தான் போற. சொன்னாக் கேக்குற வயசா? வாங்கு. ஆனா அந்தப் பூட்டு வார அட்டைப்பெட்டியில, அடியில, ஒரு சின்னக் கவர்ல சாதாச் சாவி ரெண்டு கெடக்கும் பாரு. மொத வேலையா அத எடு. வீட்டுக்குள்ள வச்சுட்டுப் பூட்டிராத. ஒண்ண ஒன் அம்மாகிட்டக் குடு. இன்னொண்ண எங்கிட்டக் குடுத்துட்டுப் போ.