பதினைந்து பாகை

கிண்ணம் ஒன்று வந்தால் போதும், அமைச்சருக்கு இனம் மறந்துவிடும். விமான நிலையத்தில் மாலையோடு நின்று, "இங்கே சிங்களவர் இல்லை, தமிழர் இல்லை, முஸ்லிம் இல்லை, எல்லோரும் இலங்கையர்" என்பார். "தமிழர் இல்லை" என்பதை இதற்கு முன்பும் பல தடவை செய்துகாட்ட முயன்றீர்களே ஐயா, என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அது விளையாட்டு உணர்வு ஆகாது.

விளையாட்டு நாட்டை ஒன்றாக்கும் என்பது இங்கே பழைய நம்பிக்கை. வரலாறும் ஒத்துழைத்திருக்கிறது. 1981 ஜூன் பிறந்த இரவில் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. 97 ஆயிரம் நூல்கள் சாம்பல். அடுத்த மாதமே இலங்கைக்கு டெஸ்ட் அந்தஸ்து கிடைத்தது. முதல் டெஸ்ட் 1982 பெப்ரவரியில் கொழும்பில், தமிழ் யூனியன் கழகத்தின் மைதானத்தில், பி. சரவணமுத்து என்ற தமிழரின் பெயர் தாங்கிய அரங்கில் நடந்தது. இதைவிட என்ன ஒற்றுமை வேண்டும்? மறு ஆண்டு ஜூலையில் அதே கொழும்பில், வாக்காளர் பட்டியலைக் கையில் பிடித்தபடி தமிழர் வீடுகளைத் தேடி வந்தார்கள். தமிழ்ப் பெயர் மைதானத்தில் இருந்தால் பெருமை. வீட்டு வாசலில் இருந்தால் நெருப்பு.

பிறகு முரளிதரன் வந்தார். 1948ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை பறித்து நாடற்றவராக்கியதே மலையகத் தமிழ்ச் சமூகம், அதன் பிள்ளை. 1995 டிசம்பர் 26, மெல்பேர்ணில் நடுவர் டரல் ஹெயார் முழங்கையை மடக்கி எறிகிறார் என்று அவருடைய பந்துகளை 7 தடவை 'நோ போல்' என்றார். நாடே கொதித்தது. ஒரு தமிழனின் முழங்கைக்காக இலங்கை எழுந்து நின்றது! அதே மாதம்தான் யாழ்ப்பாணத்தில் படை வெற்றிக்கொடி ஏற்றியது. ஒக்டோபர் 30 இரவு வீட்டைப் பூட்டிவிட்டு நடந்த வலிகாமத்துச் சனம் தென்மராட்சியிலும் வன்னியிலும் மரத்தடிகளில் கிடந்தது. அவர்களுக்கும் முழங்கை இருந்தது. சுழற்பந்து வீசத் தெரியாததுதான் குறை.

சர்வதேச கிரிக்கெட் பேரவை பின்னர் ஆய்வு செய்து, கை 15 பாகை வரை மடங்கலாம் என்று விதியையே திருத்தியது. முரளிதரன் டெஸ்டில் 800 விக்கெட் எடுத்தார். இலங்கை அரசியலமைப்பின் 2ஆம் உறுப்புரையில் இருக்கும் ஒற்றையாட்சியோ இன்றுவரை ஒரு பாகைகூட மடங்கவில்லை. 13ஆம் திருத்தம் 1987இல் மாகாணங்களுக்கு எழுதிக்கொடுத்த காணி, பொலிஸ் அதிகாரங்கள் மூன்றாம் நடுவரிடம் போன முறையீடுபோல இன்னும் திரையில் ஓடிக்கொண்டிருக்கின்றன. முன்னே ஓட்டுகிறார்கள், பின்னே ஓட்டுகிறார்கள், தீர்ப்பு வருவதில்லை.

1996 மார்ச் 17, லாகூரில் உலகக் கிண்ணம். ஏறக்குறைய ஏழு வாரத்துக்கு முன்தான் கொழும்பு மத்திய வங்கிக் குண்டு, வேலைக்குப் போன மனிதர்களைச் சிதறடித்திருந்தது. அந்தப் பிணங்களுக்கும் வன்னி மரத்தடிகளுக்கும் சேர்த்து ஒரே மருந்து என்றார்கள் கிண்ணத்தை. மருந்து வாங்கிய பிறகு போர் 13 ஆண்டு நடந்தது.

முஸ்லிம்களும் மருந்து குடித்துப் பார்த்தவர்கள்தாம். 2018 மார்ச்சில், சுதந்திரத்தின் 70ஆம் ஆண்டு நினைவாக 'நிதஹஸ்' கிண்ணம், அதாவது சுதந்திரக் கிண்ணம். மார்ச் 6ஆம் திகதி முதல் ஆட்டத்தில் இந்தியாவை வென்றோம். அதே நாளில்தான் கண்டி, திகனையில் முஸ்லிம் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டதால் நாட்டில் அவசரகாலநிலை பிரகடனமானது. பிரேமதாச அரங்கில் வாணவேடிக்கை, திகனையில் வேடிக்கை இல்லாத நெருப்பு.

வலைப்பந்தாட்டத்தையும் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம் 2018இல் ஆசியக் கிண்ணத்தை வென்று தந்த அணியின் தூண். உயரம் ஆறடி பத்தங்குலம். நாடு அண்ணாந்து பார்த்துக் கைதட்டியது. அவ்வளவு உயரம் இருந்தால்தான் இந்த நாட்டின் கண்ணில் ஒரு தமிழ்ப் பெண் படுவாள் போலும். 2017 பெப்ரவரியிலிருந்து கிளிநொச்சி வீதியோரத்தில், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு குந்தியிருந்தார்கள் தாய்மார். குந்தியிருப்பவர்களுக்கு உயரம் ஏது? பிள்ளையைக் காணாமலே சிலர் கண்ணை மூடியும் விட்டார்கள். அவர்களுக்கு விமான நிலையத்தில் மாலை இல்லை.

ஆனாலும் யாழ்ப்பாணம் கிண்ணம் வென்றிருக்கிறது, மறுக்கக்கூடாது. 2020 டிசம்பரில் லங்கா பிரீமியர் லீக்கின் முதல் கிண்ணமே 'ஜஃப்னா' அணிக்குத்தான். எங்கே வென்றது? அம்பாந்தோட்டையில், மஹிந்த ராஜபக்ஷவின் பெயர் சூட்டிய அரங்கில். போரை நடத்தியவரின் பெயர் தாங்கிய மைதானத்தில் யாழ்ப்பாணத்தின் பெயர் வென்றது. சொந்த ஊரில் அந்த அணிக்கு ஒரு பந்து வீசவும் இடமில்லை. இந்தக் காட்சியை நான் எழுதியிருந்தால், மிகைப்படுத்துகிறாய் என்று ஆசிரியர் வெட்டியிருப்பார்.

கிரிக்கெட்டோடு எனக்குப் பகை இல்லை. சென் ஜோன்ஸ் கல்லூரியும் மத்திய கல்லூரியும் 1904 முதல் மோதும் ஆட்டத்தை நாங்கள் 'வடக்கின் பெரும் போர்' என்கிறோம். வடக்கு கண்ட போர்களில் இரு தரப்பும் கைகுலுக்கி, உயிரோடு வீட்டுக்குப் போன போர் அது ஒன்றுதான். சட்டம் செய்யவேண்டிய வேலையைப் பதினொரு பையன்களின் தலையில் கட்டிவிட்டு, அவர்கள் வென்றால் மேடையேறி, தோற்றால் தேர்வாளர்களைத் திட்டுகிற சோம்பேறித்தனத்தோடுதான் பகை.

இப்போது எங்களுக்கும் சர்வதேச மைதானம் வருகிறது. 2025 செப்டெம்பர் 1ஆம் திகதி ஜனாதிபதி மண்டைதீவுக்கு வந்து வேலையைத் தொடக்கிவைத்தார். நல்லது, நன்றி. ஆனால் எங்கள் ஊரில் விளையாட்டுக்காக மண்ணைத் தொட்ட அனுபவம் கொஞ்சம் உண்டு. துரையப்பா விளையாட்டரங்கைத் திருத்த 1999இல் தோண்டினார்கள். மனித எலும்புக்கூடுகள் வந்தன. அந்த 2025ஆம் ஆண்டிலேயே செம்மணிப் புதைகுழியில் 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன. ஒரு குழந்தையின் எலும்புகளோடு நீலநிறப் பள்ளிப் பையும் விளையாட்டுப் பொம்மையும் கிடந்தன. விளையாட்டு எங்களை ஒன்றாக்கிய இடம் அதுதான்.

கட்டுங்கள் ஐயா, நன்றாகக் கட்டுங்கள். அத்திவாரம் வெட்டும்போது மட்டும் கொஞ்சம் மெதுவாக வெட்டுங்கள்.