இலை உதிராத ஊரில் செபமாலை

கேள்வி: மேலைநாட்டுக் கத்தோலிக்கர் இலையுதிர் காலத்தைப் பக்தியோடு கழிக்கிறார்களாமே, சாகுபுரத்தில் உதிர இலை ஏது?
– வாசகர், சாகுபுரம்

பதில்: இலை உதிராவிட்டால் என்ன, ஐப்பசியில் மழை கொட்டுமே! பக்திக்கும் குறைவில்லை: செப்டம்பர் 14, மணப்பாடு திருச்சிலுவைத் திருவிழா.

அக்டோபர் செபமாலை மாதம்; வீட்டில் கூடிச் செபிக்கும் காலம். நம் முத்துக்குளித்துறைக் கரையில் வீட்டுச் செபத்துக்கு வேர் ஆழம். 1542-ல் இங்கு வந்த மறைப்பணியாளர் புனித சவேரியார், செபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்தார். தெருத்தெருவாக மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டினார். கற்றதை வீட்டில் அப்பா அம்மாவுக்குச் சொல்லிக்கொடுக்கச் சொன்னார். பிள்ளைகளே வாத்தியார்கள்! இன்றும் வீட்டில் அருள்நிறை மந்திரத்தைத் தொடங்கிவைக்கும் மழலைக் குரலுக்கு ஈடில்லை.

நவம்பர் 2, கல்லறைத் திருநாள். வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால், குடையைத் தலைக்குப் பிடிக்காமல் மெழுகுவர்த்திக்குப் பிடிக்கவேண்டியதுதான்.